ஐஸ் வியர்க்கும் வரை

நான் தடுப்பூசிக் கிடங்கில் வேலை பார்ப்பவன். கிடங்கு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுகாதார நிலையத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை. இரண்டு குளிர்பெட்டிகள், ஒரு ஃப்ரீசர், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துச் சுவர் அட்டையில் எழுத வேண்டும். ஊசி போடப் போகிறவர்களுக்குப் பெட்டி கட்டித் தர வேண்டும். வாயைத் திறக்காமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். பதினொரு வருடமாக நான் இதில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான்.

பெட்டி கட்டுவதில் ஒரு காத்திருப்பு உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேஜையில் பரப்பி வைக்க வேண்டும். மேலே பூத்திருக்கும் வெண்மை கரைந்து, அது வியர்க்க வேண்டும். காதருகே பிடித்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும், முக்கால் மணியும் ஆகும். அந்த நேரமெல்லாம் நான் புத்தகம் படிப்பேன். அறையில் என்னையும் ஐஸையும் தவிர வேறு சத்தம் இருக்காது.

அன்று காலை நான் காத்திருக்கவில்லை.

என் மகள் படிக்கும் பள்ளியில் அன்று ஹெச்.பி.வி. தடுப்பூசி முகாம். நான்கு வருடத்துக்கு முன்பு என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கதிர் சிகிச்சை என்று ஒரு வருடம் போனது. பிழைத்துக்கொண்டாள். இப்போது தையல் கடைக்குப் போகிறாள், என்னைத் திட்டுகிறாள், எல்லாம் பழையபடி. அந்த நோய்க்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸ் காரணம், அதைத் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது என்று மகளுக்கு அப்போதே தெரியும். பள்ளியில் அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு மாதம் முன்பு வகுப்பில் எழுந்து நின்று, அம்மாவின் அனுமதியோடு, அம்மாவின் கதையையே சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு இந்த ஊசி வேணும். உங்களுக்கும் வேணும். சந்தேகம் இருக்கறவங்க இப்பவே கேளுங்க, அப்புறம் என் தூக்கத்தைக் கெடுக்காதீங்க."

பிறகு வீடு வீடாகப் போனாள். அம்மாக்களிடம் பேசினாள், அப்பாக்களோடு சண்டை போட்டாள். நாற்பத்து நான்கு பெண்கள் உள்ள வகுப்பில் நாற்பத்து மூன்று சம்மதப் படிவம் சேர்ந்தது.

அன்றுதான் பள்ளிக்குக் கடைசி நாள். பகல் ஒரு மணிக்கு மணி அடித்தால் விடுமுறை, பெண்கள் ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுவார்கள். எங்கள் குழு அடுத்து அந்தப் பள்ளிக்குப் போவது மறு வருடம். அதற்குள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வயது பதினைந்து தாண்டியிருக்கும். திட்டம் பதினைந்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். ஒரு மணிக்குள் நாற்பத்து மூன்று பேருக்கும் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதனால் காலை எட்டரை மணிக்கெல்லாம் கிடங்கில் இருந்தேன். பள்ளிச் சீருடையில் மகளும் கூடவே வந்து நின்றாள்.

"அப்பா, கட்டியாச்சா? அப்பா, ஜீப் வந்துடுச்சுப்பா. அப்பா, பெரியம்மா ஹாரன் அடிக்கறாங்கப்பா."

வெளியே வெயில். ஐஸ் போதாமல் போய்விட்டால்? மருந்து சூடாகிவிட்டால்? அந்த ஒரே பயம்தான் என் தலைக்குள் ஓடியது. மேஜையிலிருந்த ஐஸ் பேக்குகளைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தன. இருக்கட்டும், எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று அப்படியே பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் இருபத்திரண்டு குப்பிகளை வைத்து மூடினேன். மகள் முன்னால் ஓடினாள். நானும் ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை.

*

ஊசி போடுகிற நர்ஸ் என் மனைவியின் அக்கா. மகளுக்குப் பெரியம்மா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இருபது வருடச் சர்வீஸ். எங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஜீப் வேறொரு முகாமுக்குப் போய்விட்டது.

பள்ளியின் பெரிய ஹாலில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினால் அது பேச்சு இல்லை, மழை. ஹால் கதவின் பூட்டு இறுகிப் போயிருந்ததால் அதைச் சரிசெய்ய ஒரு பூட்டுக்காரர் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மகளின் முகம் சுருங்கியது.

"இவர்தாம்பா நாப்பத்தி நாலாவது" என்றாள் மெதுவாக. "இவர் பொண்ணு என் வகுப்புதான். கையெழுத்தே போட மாட்டேன்னுட்டார்."

"என்ன சொன்னார்?"

"மருந்து எங்கெங்கேயோ சுத்தி யார் யார் கையோ மாறி வருது, நடுவுல எவன் என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை."

ஹாலின் மூலையில் மேஜையைப் போட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் மருந்தோடு ஒரு சிறிய அட்டை இருக்கும். உறைகிற அளவுக்குக் குளிர் போகாதவரை அதில் சரி என்ற குறி இருக்கும். போய்விட்டால் அது பெருக்கல் குறியாக மாறும், திரும்ப மாறாது.

பெருக்கல் குறி.

முதலில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பிறகு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தேன். சில தடுப்பு மருந்துகள் உறைந்தாலும் பிழைக்கும். இது பிழைக்காது. இதற்கு வெயிலைவிடக் குளிர்தான் எமன். அதைப் புதியவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவனே நான்தான்.

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். யாரும் பார்க்கவில்லை. அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் போதும். உறைந்த மருந்தை ஏற்றிக்கொண்டதால் யாரும் சாகப் போவதில்லை. கை வலிக்கும், மற்றபடி ஒன்றும் தெரியாது. ஒரு மணிக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம்பி இருப்பார்கள். முப்பது வருடம் கழித்து அவர்களில் யாரோ ஒருத்தி, என் மனைவி உட்கார்ந்த மாதிரி, ஒரு டாக்டரின் எதிரே உட்காருவாள். 'நான் ஊசி போட்டுக்கிட்டேனே' என்பாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் மகளின் குரல் கேட்டது. "ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், கையை மடிச்சு விடுங்கடி!"

"அண்ணி" என்றேன். "இங்க வாங்க."

அண்ணி அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐஸ் வியர்த்துச்சா?"

"இல்லை. வியர்க்கற வரைக்கும் நான் நிக்கலை."

"பதினோரு வருஷமா ஐஸ் உருகற வரைக்கும் உக்காந்து புக்கு படிச்ச மனுஷன்! அவசரப்படறதுக்கு உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா தம்பி?" என்றாள். குரல் தணிந்திருந்தது, ஆனால் கை ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது. "சரி, அழறதுக்கு நேரமில்லை. அட்டை சொன்னா மட்டும் போதாது. குலுக்கிப் பாத்துடுவோம்."

போன வாரம் புதிய நர்ஸ்களுக்குக் காட்டுவதற்காக இதே மருந்தில், இதே தயாரிப்புத் தொகுதியில், ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கியிருந்தோம். 'போடாதே' என்று சிவப்பில் எழுதிய அந்தக் குப்பி அண்ணியின் பையிலேயே கிடந்தது. எங்கள் பெட்டியில் ஐஸை ஒட்டி இருந்த குப்பி ஒன்றை எடுத்தாள். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி, மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். உறைந்த மருந்தில் வெள்ளைத் துகள் சீக்கிரம் அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்துவிடும். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கியே இருக்கும்.

அதற்குள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தலைமையாசிரியையும் வந்துவிட்டார். மறைக்க நான் முயலவில்லை. "ஐஸை அவசரமா வைச்சது நான். மருந்து உறைஞ்சிருக்கலாம். தப்பு என்னுடையது" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"ரெண்டுல எது முதல்ல இறங்குது பாருங்கடி" என்றாள் ஒருத்தி.

"இடது பக்கம்தான்! பந்தயம் கட்டறியா?"

"வாயை மூடுங்க, மூச்சு பட்டா கலங்கிடும்" என்றாள் இன்னொருத்தி, மருந்துக்கு மூடி இருப்பதை மறந்து.

அத்தனை பெண்களும் இரண்டு குப்பியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவோரத்தில் ராவுகிற சத்தம் நின்றுவிட்டதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். பூட்டுக்காரர் அரத்தைக் கையில் பிடித்தபடி கூட்டத்தின் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இறங்குது" என்றார் அவர். "மேல தெளியுது பாருங்க. மயிரிழை அகலத்துக்கு."

எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் கண்ணுக்குத்தான் பட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு குப்பியிலும் அடியில் வெள்ளை, மேலே தண்ணீர்.

"போச்சு" என்றாள் அண்ணி. பெட்டியிலிருந்த அத்தனை குப்பிகளையும் ஒரு பையில் கொட்டிக் கட்டி 'போடாதே' என்று எழுதினாள்.

மணி பத்து ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

"அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார் தலைமையாசிரியை.

"அடுத்த வருஷம் இவங்களுக்கெல்லாம் வயசு தாண்டிடும் டீச்சர்" என்றேன். "கிடங்குல வேற பள்ளிக்கு வைச்ச மருந்து இருக்கு. அவங்க முறை அடுத்த வாரக் கடைசியிலதான். அவங்களுக்குத் திங்கட்கிழமை புதுசு வந்துடும்."

எங்கள் நிலையத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "நடந்ததை அப்படியே எழுதி வைங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார். அண்ணி விரல் விட்டு எண்ணினாள். "போக இருபது நிமிஷம், வர இருபது. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வைச்சா, பதினொன்றரைக்கு முதல் ஊசி இறங்கியாகணும். முடியலைன்னா, நம்ம வக்கீலுக்கு மட்டுமாவது சாயங்காலம் சென்டர்ல..."

"பெரியம்மா!" மகள் கத்தினாள். "நாப்பத்தி மூணு பேரும் போட்டாதான் நான் போடுவேன். நான் கடைசி. எழுதிக்கங்க."

"எதுல போவீங்க? ஜீப் இல்லையே" என்றார் தலைமையாசிரியை.

பூட்டுக்காரர் அரத்தைப் பைக்குள் போட்டார். "எங்கிட்ட பைக் இருக்கு. ஏறுங்க சார். இந்தத் தடவை நடுவுல யார் என்ன பண்றாங்கன்னு நானே பாக்கறேன்."

*

பைக்கில் ஏறும் முன்பே நிலையத்தின் வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். ஃப்ரீசரிலுள்ள ஐஸ் பேக்கையெல்லாம் எடுத்து மேஜையில் பரப்பச் சொன்னேன். அப்படியென்றால் நான் போய்ச் சேர்வதற்குள் பாதி வியர்த்திருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிடங்குக் கதவைத் திறந்தால் மேஜை காலியாக இருந்தது.

"ஐஸ் எங்கண்ணே?"

வாட்ச்மேன் நெஞ்சை நிமிர்த்தினார். "எடுத்துப் பரப்பி வைச்சேன் சார். அஞ்சு நிமிஷத்துல ஈரம் கசிய ஆரம்பிச்சுது. ஐயையோ, உருகிப் பாழாயிடும்னு ஓடி வந்து எல்லாத்தையும் திரும்ப உள்ள வைச்சுட்டேன். நல்லவேளை நான் பாத்தேன்!"

அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பூட்டுக்காரர்தான் சுவரில் சாய்ந்து, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார்.

ஆறு ஐஸ் பேக்கையும் எடுத்து வெளியே பரப்பினேன். மணி பத்து இருபது. கையில் கல். வெளியே பைக். இருபது நிமிடத் தொலைவில் ஒரு ஹால். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. காத்திருப்பதைத் தவிர.

எனக்குப் பிடித்த அறைதான். பிடித்த அமைதிதான். அன்று என்னால் உட்கார முடியவில்லை. ஒரு பேக்கை எடுத்துக் காதில் வைத்தேன், குலுக்கினேன், வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். பூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன கேக்கணும்?" என்றார் கடைசியில்.

"தண்ணி அலம்பற சத்தம். உள்ள இருக்கற ஐஸ் பேக்கோட சுவரை விட்டுக் கழண்டு நகரணும்."

"குடுங்க." ஒரு பேக்கைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பூட்டுக்குள் கம்பியை விட்டு நெம்பும்போது அப்படித்தான் மூடுவார் போலிருக்கிறது. "இல்லை. இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கு." அடுத்தது. "இல்லை." அடுத்தது. "இதுல ஓரத்துல லேசா விடுது."

நான் வாங்கிக் குலுக்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டது.

"எத்தனை குப்பி எடுக்கறீங்க?"

"இருபத்திரண்டு. ஒண்ணுல ரெண்டு பேருக்குப் போடலாம்."

"அப்ப நாப்பத்தி நாலு வருது. ஒண்ணு மிஞ்சும்."

"மிஞ்சும். திறந்ததை ஆறு மணி நேரத்துக்குள்ள போடணும். இல்லைன்னா தூக்கிப் போடணும்."

"தூக்கிப் போடறதுல நீங்க பெரிய ஆள்தான். காலையிலதான் பாத்தேனே."

ஐஸ் பேக்குகளின் மேலிருந்த வெண்மை கரைந்து மேஜையில் ஈரம் ஓடத் தொடங்கியது.

"அந்த அட்டையில குறி மாறினதை வேற யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"இல்லை."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"எம் மனைவிக்கு அந்த நோய் வந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் பேக்கைக் காதில் வைத்தார். நடுவில், என் பக்கம் திரும்பாமலே, "ஊசி போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"கை வலிக்கும். சிலருக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். சில பேருக்குத் தலை சுத்தும், மயக்கம்கூட வரலாம். அதுக்குத்தான் கால் மணி நேரம் உக்கார வைக்கறது."

"மனுஷன் ஒரு பொய்யாவது சொல்றாரா பாரு" என்று வாட்ச்மேனிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "அந்தச் சம்மதப் பேப்பர் இங்க ஒண்ணு இருக்குமா?"

கொடுத்தேன். முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார், அச்சகத்தின் பெயர் வரை. மணி பதினொன்று. ஐந்து பேக் தயார், ஆறாவது இன்னும் பிடிவாதமாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு முடித்து, அதைக் காதில் வைத்தார்.

"கழண்டுடுச்சு!" என்று எழுந்து நின்றார். "கட்டுங்க சார், கட்டுங்க!"

ஆறையும் துடைத்தேன், அடுக்கினேன், குப்பியை வைத்தேன், புது அட்டையை வைத்தேன், மூடினேன். பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன்.

"குலுங்கினா மருந்துக்கு ஏதாவது ஆகுமா?"

"ஆகாது. இதுக்கு ஐஸ்தான் ஆகாது."

"அப்பச் சரி. கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

என் ஆயுளில் நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது காற்றினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தடை வந்தால் நானும் பெட்டியும் அரையடி மேலே போய்க் கீழே வந்தோம். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

*

பதினொன்று இருபத்தாறுக்கு ஹாலுக்குள் ஓடினோம். வகுப்பே கைதட்டியது. நான் இல்லாத நேரத்தில் வக்கீல் வேலை பார்த்திருந்தாள். எல்லோரும் வரிசை எண்படி உட்கார்ந்திருந்தார்கள், கை மடித்துவிட்டபடி, மடியில் அவரவர் படிவத்தோடு. எழுதுவதற்கு ஒருத்தி, உட்காரவைத்து மணி பார்ப்பதற்கு ஒருத்தி என்று ஆளும் போட்டிருந்தாள். ஒரு பெண்கூடக் கலைந்து போகவில்லை.

அண்ணி பெட்டியைத் திறந்து அட்டையை உயர்த்திக் காட்டினாள். சரி என்ற குறி.

"பயப்படறவங்க கண்ணை மூடிக்கங்க. நான் மூட மாட்டேன், அது போதும். ஒண்ணாம் நம்பர்!"

ஒன்று, இரண்டு, மூன்று. ஒருத்தி ஊசி இறங்குவதற்கு முன்பே கத்தினாள். இறங்கியதே தெரியாமல் "எப்பப் போடுவீங்க?" என்று கேட்டாள் இன்னொருத்தி. பதினேழாம் எண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குப்பியை எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு கைதான் மிச்சம். பன்னிரண்டு மணிக்கு இருபதில் இருந்தோம். பன்னிரண்டரைக்கு முப்பத்தைந்து. அண்ணியின் நெற்றியில் வியர்வை, ஆனால் கை ஒரு முறையும் தடுமாறவில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் தனியாக, தண்ணீர் பாட்டிலைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் அவளிடம் போய்ப் படிவத்தை நீட்டினார்.

"இது என்னப்பா?"

"படிக்கத் தெரியாதா? போய் நில்லு. உனக்கு வேணும்னாத்தான்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒரே ஓட்டமாக வந்து வக்கீலுக்கு முன்னால் புகுந்து நின்றாள். "ஏய், நான்தான் கடைசி, ஞாபகம் இருக்கட்டும்!" என்றாள் என் மகள், குரல் உடைந்து.

இருபத்திரண்டாவது குப்பியின் கடைசித் துளி மகளின் தோளில் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அவள் கத்தவில்லை. "முடிஞ்சுதா பெரியம்மா? அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்டி. இதுக்குத்தான் ரெண்டு மாசமா ஊரைக் கூட்டினே."

ஒரு மணிக்கு மணி அடித்தது. வாசலில் பள்ளி பஸ் ஹாரனை விடாமல் அழுத்தியது. அண்ணி ஜன்னலுக்குப் போனாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. அவசரமா இருந்தா நீங்களும் உள்ள வந்து உக்காருங்க, ஓர் ஊசி போட்டு விடறேன்!" ஹாரன் நின்றது. ஹால் சிரிப்பில் வெடித்தது.

மகள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையில் பார்த்த பார்வை இல்லை.

"அப்பா, நீங்க அவ்வளவு பேர் முன்னாடி பேசினீங்க."

"ம்."

"நல்லாவே பேசலை."

"தெரியும்."

அவள் என் தோளில் சாய்ந்தாள், ஊசி போட்ட பக்கமாகவே சாய்ந்து "ஆ" என்று கத்தி, மறுபக்கம் மாறினாள்.

மனைவிக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் குரலைக் கேட்டதும் நின்றது.

"என்னாச்சு? எத்தனை பேர்?"

"நாப்பத்தி நாலு."

"நாப்பத்தி மூணுதானே?"

சொல்ல நிறைய இருந்தது. ஹாலில் ஒரே இரைச்சல், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. போனை மகளின் கையில் கொடுத்தேன். அவள் மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "அம்மா, கேளுங்க, அப்பா பண்ணின காரியத்தை முதல்ல கேளுங்க..."